வாசல் எங்கிட்டு வேணும்?

அம்மா எழுதுகிறேன். நலமா என்று கேட்டு ஒரு வரியை வீணாக்கப் போவதில்லை. காலையில்தான் வீடியோவில் உன்னைப் பார்த்தேன், ஆட்டுக்குப் போடுகிற மாதிரி தட்டு நிறைய இலையும் தழையுமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் நலம், உன் அப்பா நலம், அவருடைய வாயும் நலம். நீ சிங்கப்பூருக்குப் போய் இரண்டு வருஷமாகிறது, இதுவரை உனக்கு ஒரு கடிதம் எழுதியதில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்துவிட்டு வந்தவள் நான். ஆனால் போன வாரம் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டதிலிருந்து உன்னிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. போனில் சொன்னால் பாதியில் சிரித்துக் கெடுத்துவிடுவாய். அதனால் நோட்டில் எழுதிப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். உன்னோடு வீடு கட்ட வருகிற மற்றவர்களுக்கும் படித்துக் காட்ட ஆசையாக இருந்தால் காட்டு. எழுத்துப் பிழையை மட்டும் திருத்திப் படி. என்னைப் பற்றி வருகிற அசிங்கத்தைத் திருத்தாதே.

கம்போடியா என்று நாக்கு சுளுக்காமல் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. நீங்கள் முப்பது பேரும் ஆபீசுக்கு ஒன்பது நாள் லீவு போட்டு, விமானம் ஏறிப் போய், வீடில்லாத ஒரு தாய்க்கும் அவள் இரண்டு பிள்ளைகளுக்கும் வீடு கட்டிக் கொடுத்துவிட்டு வரப் போகிறீர்கள் என்று நீ சொன்னதும் எனக்கு முதலில் வந்தது சிரிப்புதான். கோபித்துக்கொள்ளாதே. ஒரு குடம் தண்ணீரைக் கிணற்றடியிலிருந்து அடுப்படிக்குக் கொண்டுவருவதற்குள் அரைக்குடமாக்குகிற பிள்ளை நீ. சிரிப்பு அடங்கிய பிறகு உன் அத்தையிடம் பெருமையாகச் சொன்னேன். அவளா விடுவாள்? "நம்ம வீட்டுக்கே இன்னும் மாடி எடுக்கல, மருமக கடல் தாண்டிக் கட்டப் போறாளாக்கும்" என்றாள். மாடி எடுத்தால் அவள் வந்து நிரந்தரமாகத் தங்கிவிடுவாள் என்ற பயத்தில்தான் எடுக்காமல் இருக்கிறோம் என்று நான் சொன்னேன். இரண்டு நாளாக அவள் என்னோடு பேசவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது, அந்தப் புண்ணியமும் உனக்கே.

நீ கேட்டாய், சாந்து எப்படிக் கலக்குவது, கல் எப்படித் தூக்குவது என்று. சொல்கிறேன். புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போகாதே. தலையில் சுமப்பதாக இருந்தால் துண்டை நன்றாக முறுக்கிச் சும்மாடு கட்டு, கழுத்தை நேரே வை, கண்ணை மட்டும் கீழே விடு. முதல் நாள் வீரத்தில் இரண்டு கல் தூக்கினால் மூன்றாம் நாள் சீப்பைத் தூக்கித் தலை வாரக்கூடக் கை வராது. சிமெண்டு கையை அரிக்கும், வேலை முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தடவு. அந்த வீட்டுக்காரி எது கொடுத்தாலும் மூக்கைச் சுளிக்காமல் வாங்கிச் சாப்பிடு. இதெல்லாம் எந்தச் சித்தாளைக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். ஆனால் நீ சொன்ன ஒரு விஷயத்தில்தான் எனக்குப் பொறாமை வந்துவிட்டது. முதல் நாளே ஆளுக்கு ஒரு கொத்துக்கரண்டியைக் கையில் கொடுத்துவிடுவார்களாமே! இருபத்திரண்டு வருஷம் உன் அப்பாவுக்குச் சித்தாளாக நின்றிருக்கிறேன். அவர் கொத்தனார், நான் சட்டி சுமப்பவள். எத்தனை சுவர் எழுந்திருக்கிறது, எத்தனை தளம் போட்டிருக்கிறோம், ஒரு நாள், ஒரே ஒரு கல்லை வைத்துப் பார் என்று யாரும் கரண்டியை என் கையில் தந்ததில்லை. சமையல் கரண்டி பொம்பளைக்கு, கொத்துக்கரண்டி ஆம்பளைக்கு என்று எந்த மகராசன் பிரித்து வைத்தானோ, அவன் வீட்டில் சோறு குழைய.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த மெசேஜைக் கேட்டதும் நான் உன்னைக் கூப்பிட்டு, வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டேன், ஞாபகமிருக்கிறதா? நீ ஏதோ தின்றுகொண்டே, "அதெல்லாம் பிளான்ல இருக்கும்மா" என்றாய். அவ்வளவுதான், அடுப்பில் இருந்த குழம்பு அடிப்பிடித்தது எனக்குத் தெரியவில்லை. இதே வார்த்தையை நான் முன்னால் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அப்போது நீ பதினொன்றாம் வகுப்பு.

அந்தப் புயல் வந்த வருஷம். ஓடு போனது, கூரை போனது, அறந்தாங்கி வரைக்கும் தென்னை மரமெல்லாம் தலை முடியைப் பிடித்து இழுத்துப் போட்ட மாதிரி கிடந்தது. நம் ஊர்க் கடைசியில் குடிசை இழந்த பத்துக் குடும்பத்துக்கு வீடு கட்டித் தர வெளியூரிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. எல்லாம் உன்னைப் போலப் படித்த பிள்ளைகள், மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு வேனில் வந்து இறங்கினார்கள். கையில் பிளானோடு கண்ணாடி போட்ட ஒருவர்தான் அவர்களுக்குத் தலைவர். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கை கொப்புளிக்கக் கல் சுமந்தார்கள், நான் போட்ட டீயை நல்லாயிருக்கு என்று வேறு சொன்னார்கள். கொத்து வேலை உன் அப்பாவுக்கு வந்தது, நான் வழக்கம்போலச் சட்டி. பத்து வீடும் ஒரே அளவு, ஒரே வரிசை, பத்து வாசலும் ரோட்டைப் பார்த்து. போட்டோவில் பார்த்தால் தீப்பெட்டியை அடுக்கி வைத்த மாதிரி அழகாக இருக்கும்.

அதில் நாலாவது வீடு அஞ்சலைக்கு. உனக்குத் தெரியும், புருஷன் போன பிறகு ஏழெட்டு ஆட்டை வைத்துக்கொண்டு தனியாகக் காலம் தள்ளுகிறவள். அவள் வீட்டுக்கு நிலை வைக்கிற அன்று எனக்கும் உன் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் கேட்டால் நீ தலையில் அடித்துக்கொள்வாய். இரண்டு நாளைக்கு முன்னால் நான் கலக்கிய சாந்தில் கொஞ்சம் தண்ணீர் கூடிவிட்டது. அதை என் காதோடு சொல்லியிருக்கலாம். அந்த மஞ்சள் பனியன் பிள்ளைகள் அத்தனை பேரும் நிற்கும்போது உன் அப்பா சத்தமாக, "எங்க வீட்டம்மா சாந்து கலக்கல, ரசம் வச்சிருக்கா" என்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மொழி தெரியாத ஒருத்தன்கூடப் பக்கத்தில் கேட்டுவிட்டுச் சிரித்தான். அன்றோடு நான் வாயை மூடினேன். வீட்டில் சோறு வைப்பேன், சட்டி தூக்கிக் கொடுப்பேன், ஒரு சொல் கிடையாது. அவராக வந்து பேசட்டும் என்று நான், அவளாக இறங்கட்டும் என்று அவர்.

நிலை வைப்பது என்றால் உன் சிநேகிதர்களுக்குப் புரியாது, சொல்லிவிடு. வாசற்கதவின் சட்டத்தைத்தான் நிலை என்கிறோம். அதை நிறுத்துகிற நேரத்தில்தான் நமக்கு வீடு வீடாகிறது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, அடியில் நவதானியம் போட்டு நிறுத்துவோம். வீட்டுக்குரிய பொம்பளை கை அதில் பட வேண்டும். ஆனால் அஞ்சலை புருஷன் இல்லாதவள் என்று ஊர்ப் பெண்கள் அவளைப் பத்தடி தள்ளி நிறுத்திவிட்டு, மஞ்சள் பூச என்னைக் கூப்பிட்டார்கள். அவள் வீட்டு நிலைக்கு நான் மஞ்சள்! அப்போது நான் ஒன்றும் நினைக்கவில்லை, சேலையைச் சரிசெய்துகொண்டு போனேன். தண்ணீர் எடுக்கப் போனவளை அஞ்சலை மறித்தாள்.

"யக்கா, எல்லாரும் வாசல ரோட்டுப் பக்கமே வைக்கிறாக. ஆட்டுக் கொட்டகை பின்னால கெடக்கு. படுத்தா ஆடு என் கண்ணுல படணும்க்கா. அந்தக் கண்ணாடிக்காரர்கிட்டக் கேட்டதுக்குப் பிளான்ல இருக்குன்னு போயிட்டாரு. நீ அண்ணன்கிட்டச் சொன்னாக் கேக்கும்."

"சொல்றேன் இரு" என்றேன்.

சொல்லவில்லை, தாயி. நான் போய்ப் பேசினால் நான் தோற்ற மாதிரி ஆகிவிடுமே! யாரையாவது விட்டுச் சொல்லலாம் என்று பார்த்தேன், அதற்குள் நல்ல நேரம் வந்துவிட்டது என்று கூப்பிட்டுவிட்டார்கள். சாந்துச் சட்டியை வாங்கும்போது உன் அப்பா என் முகத்தைப் பார்த்து, என்ன புள்ள, ஏதும் சொல்லணுமா என்று கேட்கக்கூடச் செய்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நிலை ரோட்டைப் பார்த்து நின்றது. எனக்கு ஒரு மஞ்சள் பனியன் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். அந்தப் பனியனைத்தான் நீ காலேஜ் ஹாஸ்டலில் கிழியக் கிழியப் போட்டாய். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை கேட்டேன், "அன்பால கட்டினோம்னு போட்ருக்கும்மா" என்றாய். கொஞ்சம் சிமெண்டும் போட்டோம் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனேன். அன்றைக்கு உள்ளே ஒன்று குத்தியது, அதை உன்னிடம் காட்டவில்லை.

அஞ்சலை அந்த வீட்டில் ஒரு மாதம் படுத்துப் பார்த்தாள். பின்னால் இருந்த கொட்டகையில் நாய் புகுந்து இரண்டு குட்டியைத் தூக்கிக்கொண்டு போனது. முன்வாசல் வழியாக வெளியே வந்து வீட்டைச் சுற்றி ஓடுவதற்குள் முடிந்துவிட்டது. அவள் யோசித்தாள். கதவு, பூட்டு எல்லாம் இருக்கிற நல்ல வீடு. ஆட்டை வீட்டுக்குள் அடைத்தாள், கொட்டகையில் தான் படுத்தாள். மறு வருஷம் அந்தக் கண்ணாடிக்காரர் பத்து வீட்டையும் பார்க்க நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாலாவது வீட்டு ஜன்னலில் ஒரு கிடா தாடியோடு எட்டிப் பார்த்தது. ஊரே சிரித்தது. அவர் முகம் கறுத்துப் போய், இவர்களுக்கெல்லாம் நல்லது செய்தால் இப்படித்தான் என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார். கூட்டத்தில் அதிகமாகச் சத்தம் போட்டுச் சிரித்தது யார் தெரியுமா? உன் அம்மாதான். அஞ்சலை என்னை ஒரு பார்வை பார்த்தாள், ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஆறு வருஷம் அவள் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு எதிர்ப்பக்கம் பார்க்க ஏதாவது வேலை இருந்தது.

உன் மெசேஜ் வந்த அன்றைக்கு உன் அப்பாவுக்கு அடிப்பிடித்த குழம்பை ஊற்றிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். எப்போதும் இடையில் நாலு கேலி பேசுகிற மனுஷன், சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கேட்டார்.

"ஏழு வருசமாவா புள்ள? ஒரு ரசத்துக்கா?"

"ரசம் இல்லீங்க. சாந்து."

சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டுப் போய்ச் சுத்தியலையும் உளியையும் எடுத்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிமெண்டு, மணல், கல்லோடு போய் இறங்கினோம். அஞ்சலை ஆட்டைப் பத்திக்கொண்டு மேய்ச்சலுக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் பாதி வேலையை முடித்து அசத்திவிடலாம் என்று எங்களுக்கு ஆசை. பின்சுவரில் ஒரு ஜன்னல் இருக்கிறது, அதற்கு மேலே பாரம் தாங்குகிற லிண்டலும் இருக்கிறது, அதனால் ஜன்னலைக் கழற்றி அடியில் உள்ள கல்லை எடுத்தால் நிலை நிற்கும் என்று உன் அப்பா கணக்குப் போட்டு, சுண்ணாம்பால் கோடு கிழித்து, ஓங்கி ஒரு அடி போட்டார். ஹாலோ பிளாக் கல்லின் ஓடு உடைந்து பொந்து தெரிந்தது. அந்தச் சத்தத்துக்கு அஞ்சலை ஓடிவந்தாள், பின்னாலேயே ஆடுகளும்.

"யாருண்ணே ஒங்கள அங்கிட்டு ஒடைக்கச் சொன்னது?"

உன் அப்பா என்னைப் பார்த்தார். நான், "நீதானடி அன்னைக்குச் சொன்ன, வாசலப் பின்பக்கமா வைக்கச் சொல்லி" என்றேன்.

"அன்னைக்குச் சொன்னேன். அன்னைக்குக் கொட்டகை பின்னால கெடந்துச்சு. போன வருசமே வேப்பமரத்துப் பக்கம் மாத்திட்டேன், ஆடும் நானும் அங்கதான் படுக்குறோம், வீட்டுல வெறகுதான் கெடக்கு, கண்ணு தெரியலயா? ரெண்டாந்தரமும் கேக்காமத்தான் வந்திருக்கீங்க."

உன் அப்பா சுத்தியலைத் தரையில் வைத்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டில் எதை விடுவது என்று தெரியாமல் விக்கல் வந்துவிட்டது. அஞ்சலைதான் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொன்னேன், அன்றைக்கு நான் அவர்கிட்டச் சொல்லவே இல்லை அஞ்சலை என்று.

"தெரியும்க்கா" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறாம இருந்தது ஊருக்கே தெரியும். சண்டையில இருக்கவகிட்டப் போயிச் சேதி சொல்லிவிட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

இதற்கு மேல் என்ன திட்டு வேண்டும்? நான் எழுந்து சேலையை உதறிக்கொண்டு, ஏழு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். "சரி தாயி. வாசல் எங்கிட்டு வேணும்?"

அவள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். உள்ளே போய்த் தழைக்கட்டையும் விறகையும் ஒதுக்கிவிட்டு, தலை வைக்கிற இடத்தில் தலை வைத்துப் படுத்தே பார்த்தாள். எழுந்து வந்து வேப்பமரத்துப் பக்கச் சுவரில் இருக்கிற ஜன்னல் மேல் கையை வைத்து, "இங்கிட்டு" என்றாள்.

இரண்டு நாள் வேலை. அந்த ஜன்னலைக் கழற்றினோம், ரோட்டுப் பக்கத்து நிலையைப் பெயர்த்து எடுத்தோம். ஜன்னல் வாசலுக்கு, வாசல் ஜன்னலுக்கு, இடம் மாற்றிக்கொண்டன. நிலை நிறுத்தும்போது மஞ்சள் கிண்ணத்தை நான் அஞ்சலை கையில் கொடுத்தேன். அவள் என்னைப் பார்த்தாள், ரோட்டில் நின்று பார்க்கிற பெண்களைப் பார்த்தாள். உன் அப்பா நிலையைத் தோளில் தாங்கிக்கொண்டே, தோள் வலிக்குது தாயி, நல்ல நேரம் அவங்ககிட்ட இல்ல, என் தோள்லதான் இருக்கு என்றார். அவள் பூசினாள், மேலிருந்து கீழாக, ஒரு இடம் விடாமல், மாட்டுக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி அழுத்தி. புது வாசலில் வலது காலை வைத்து முதலில் நுழைந்தது அவள் இல்லை, ஒரு வெள்ளாட்டங்குட்டி. எந்தக் காலை முதலில் வைத்தது என்று நான் கவனிக்கவில்லை, நாலு கால் இருக்கிறதே.

பழைய வாசலில் ஜன்னல் மட்டத்துக்குக் கீழே சுவர் எழுப்ப வேண்டியிருந்தது. நான் சாந்து கலக்கிக் கொண்டுபோய் வைத்தேன். உன் அப்பா கரண்டியைத் தண்ணீரில் அலசி, துடைத்து, பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினார். "எனக்குத் தோள் வலி. கட்டு" என்றார். தோள்வலி பொய் என்று எனக்கும் தெரியும், ஆட்டுக்கும் தெரியும். நான் கட்டினேன். பதினெட்டுக் கல். இருபத்திரண்டு வருஷம் பார்த்த வேலை கைக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன், பாதிதான் தெரிந்திருந்தது. அவர் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். சுவர் ஒரு நூல் வெளியே சாய்ந்திருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "ரசம் நல்லாத்தான் வச்சிருக்க" என்றார். அன்றைக்குத்தான் அந்தச் சண்டை எனக்கு முடிந்தது. பின்சுவரில் அவர் அடித்த அந்தப் பொந்தைப் பூச வேண்டாம் என்று அஞ்சலை சொல்லிவிட்டாள். அதில் வெற்றிலைப் பை வைத்திருக்கிறாள். இப்போது அவள் வீட்டுக்குள்ளேதான் படுக்கிறாளாம், குறட்டை சத்தத்துக்கு ஆடுதான் தூங்கவில்லையாம்.

அதனால் உனக்குச் சொல்கிறேன். நீ போகிற வீட்டில் ஒரு தாய் இருக்கிறாள். அவளுக்கும் ஏதோ ஒன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். ஆடோ, மாடோ, அடுப்போ, பிள்ளைகள் விளையாடுகிற இடமோ, எனக்குத் தெரியாது. உன் பிளானுக்கும் தெரியாது. அவள் பேச்சு உனக்குப் புரியாது, உன் பேச்சு அவளுக்குப் புரியாது. பரவாயில்லை. முதல் கல் வைப்பதற்கு முன்னால் அவளைக் கையைப் பிடித்து மனை நடுவில் நிறுத்து. இப்படியும் அப்படியும் உன் கையைக் காட்டு. அவள் கூச்சத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள், அதை நம்பாதே. அவள் கை நீளுகிற வரைக்கும் நில். யாரிடமாவது சேதி சொல்லி அனுப்புகிறேன் என்று அவள் போனால், அந்த ஆள் யாரோடாவது சண்டையில் இருக்கிறாளா என்று விசாரி. பிளானை மாற்ற மாட்டோம் என்று உன் தலைவர்கள் சொன்னால் ஒரு தடவை கேள், இரண்டு தடவை கேள், மூன்றாம் தடவைக்கு இந்த நோட்டைப் படித்துக் காட்டு. அப்படியும் முடியாது என்றால், அவள் முகத்தைப் பார்த்து, கேட்டேன், நடக்கவில்லை என்று சொல்லிவிட்டு வா. என்னைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு வராதே. அது ஏழு வருஷத்துக்குக் கழுத்து வலிக்கும்.

கரண்டி கொடுப்பார்கள், நன்றாகப் பிடி. ஒரு நூல் சாய்ந்தால் கவலைப்படாதே, பரம்பரை. அங்கே மாலை போட்டு போட்டோ எடுத்தால் எனக்கு அனுப்ப வேண்டாம், உன் அத்தைக்கு அனுப்பு, அவள் பார்த்துச் சாகட்டும். எனக்கு ஒரே ஒரு வார்த்தை போதும். அந்த அம்மாவின் கை எங்கிட்டு நீண்டது என்று மட்டும் சொல்.

இரண்டு கரண்டியும் பிடித்த
உன் அம்மா